பாலத்தை உடைத்தவரும் பிரதமரைக் கவிழ்த்தவரும்

ஈரானில் 1953இல் நடந்த ஆட்சிக் கவிழ்ப்பைப் பற்றி எதைப் படித்தாலும் சி. எம். வுட்ஹவுஸ் என்ற பெயர் எங்காவது தலைகாட்டும். டெஹ்ரானில் பிரிட்டிஷ் உளவுத்துறையான எம்.ஐ.6இன் பொறுப்பாளராக இருந்தவர். பிரதமர் மொசாடெக்கை வீழ்த்தும் திட்டத்தை வாஷிங்டனுக்குக் கொண்டுபோய்ப் பேசியவர். இரண்டாம் உலகப்போரில் கிரேக்க மலைகளில் நடந்த கெரில்லாப் போரைப் பற்றி எதை எடுத்தாலும் 'கர்னல் கிறிஸ்' என்று ஓர் இளம் ஆங்கிலேயர் வருவார். கிரேக்க மொழி சரளமாகத் தெரிந்தவர், ஒன்றோடொன்று முறைத்துக்கொண்டிருந்த கெரில்லாக் கோஷ்டிகளை ஓர் இரவுக்காவது ஒன்றாக நிற்க வைத்தவர்.

இரண்டும் ஒரே ஆள்தான். பிற்பாடு ஆக்ஸ்ஃபோர்டு தொகுதியின் கன்சர்வேட்டிவ் எம்.பி.யாகவும் இருந்தார். நண்பர்களுக்கு மான்டி.

எனக்கு இந்த மனிதர்மேல் ஆர்வம் வந்ததற்குக் காரணம், இவரைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் பாதி ஆளைப் பற்றித்தான் எழுதுகிறார்கள். கிரேக்கத்தைப் பேசுகிறவர்களுக்கு ஈரான் ஓர் அடிக்குறிப்பு. ஈரானைப் பேசுகிறவர்களுக்குக் கிரேக்கம் ஒரு முன்னுரை. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் விஷயம் பிடிபடுகிறது: மக்கள் எதிர்ப்பை வளர்க்கிற வித்தையும் மக்கள் தேர்ந்த அரசைக் கவிழ்க்கிற வித்தையும் கிட்டத்தட்ட ஒன்றுதான்.

1917இல் பிறந்தவர். வின்செஸ்டர் பள்ளி, பிறகு ஆக்ஸ்ஃபோர்டு நியூ காலேஜ், கிரேக்க லத்தீன் இலக்கியத்தில் முதல் வகுப்பு. போர் வராமல் இருந்திருந்தால் பேராசிரியராகி, பழைய கிரேக்க வரலாற்றாசிரியர் துசிடிடீஸுக்கு உரை எழுதிக்கொண்டு காலத்தை ஓட்டியிருப்பார். போர் வந்தது. பழைய கிரேக்கம் படித்தவனுக்குப் புதிய கிரேக்கம் சீக்கிரம் வரும் என்று ராணுவம் கணக்குப் போட்டது. கணக்கு தப்பவில்லை. ஜெர்மானியர்கள் 1941 ஏப்ரலில் கிரேக்கத்துக்குள் நுழைந்தபோது பிரிட்டிஷ் படை பின்வாங்கியது. சில மாதங்கள் கழித்து, எதிரி பிடித்துவிட்ட கிரீட் தீவுக்கு இவரை ரகசியமாக அனுப்பினார்கள். அனுப்பியது எஸ்.ஓ.இ. என்ற அமைப்பு. ஆக்கிரமிக்கப்பட்ட நாடுகளில் நாசவேலைக்கும் கலகத்துக்கும் என்றே சர்ச்சில் காலத்தில் உருவாக்கப்பட்டது.

அந்தச் சமயத்துக் கிரேக்கத்தைக் கொஞ்சம் நினைத்துப் பார்க்க வேண்டும். நாட்டை ஜெர்மனி, இத்தாலி, பல்கேரியா மூன்றும் பங்கு போட்டுக்கொண்டன. 1941-42 குளிர்காலத்தில் ஏதென்ஸ் தெருக்களில் மக்கள் பசியால் செத்து விழுந்தார்கள். மலைக் கிராமங்களில் துப்பாக்கியோடு ஆட்கள் சேர ஆரம்பித்தார்கள். இடதுசாரிகளின் படைக்கு எலாஸ் என்று பெயர். அதற்கு எதிர்முனையில், கம்யூனிஸ்டுகளைப் பிடிக்காத எடெஸ். எலாஸின் பேர்பெற்ற தளபதி அரிஸ் வெலூஹியோட்டிஸ். தாடியும் கறுப்புத் தொப்பியுமாகப் படங்களில் இன்றும் மிரட்டுகிறார். எடெஸின் தலைவர் பெயர் நெப்போலியன் செர்வாஸ். பெயருக்கேற்ற உருவம் என்று சொல்ல முடியாது, குண்டு மனிதர், சிரித்த முகம்.

1942 செப்டம்பர் கடைசி இரவு, எடி மையர்ஸ் என்ற பொறியாளர் தலைமையில் லிபரேட்டர் விமானங்களிலிருந்து ஒரு குழு பாராசூட்டில் குதித்தது. இரண்டாம் இடத்தில் வுட்ஹவுஸ், வயது 25. வேலை ஒன்றே ஒன்று: தெசலோனிகியிலிருந்து ஏதென்ஸுக்குப் போகும் ரயில் பாதையை அறுக்க வேண்டும். வட ஆப்பிரிக்காவில் இருந்த ஜெர்மன் தளபதி ரோமலின் படைக்குச் சாமான் போகும் வழிகளில் அதுவும் ஒன்று. பார்த்துப் பார்த்துத் தேர்ந்தது கோர்கோபொட்டமோஸ் பாலம்.

பாலத்தை உடைக்க 12 பேர் போதாது. காவலுக்கு இருக்கும் இத்தாலியர்களை அடக்க ஆள் வேண்டும். மையர்ஸுக்குக் கிரேக்கம் தெரியாது. அதனால் வுட்ஹவுஸ் பிந்தோஸ் மலைத்தொடரைக் கால்நடையாகக் கடந்துபோய்ச் செர்வாஸைத் தேடிப்பிடித்தார். திரும்பும் வழியில் அரிஸும் வந்து சேர்ந்துகொண்டார். ஏறத்தாழ 150 பேர் திரண்டார்கள், அதில் எலாஸ் ஆட்களே அதிகம்.

நவம்பர் 25 இரவு. பாலத்தின் தூண்களில் பல கல்லால் கட்டியவை. அவற்றை அசைக்க டன் கணக்கில் மருந்து வேண்டும். எஃகுத் தூண்களை மட்டும்தான் அறுக்க முடியும். எஃகுச் சட்டம் 'எல்' வடிவத்தில் இருக்கும் என்று நம்பி, அதற்கு அச்சாகப் பொருந்துகிற மாதிரி மரச்சட்டத்தில் பிளாஸ்டிக் வெடிமருந்தைப் பிசைந்து கட்டி, கழுதை முதுகில் ஏற்றிக் கொண்டுவந்திருந்தார்கள். மேலே இரண்டு முனைகளிலும் சண்டை நடக்கிறது. கீழே, ஆற்றுப் பள்ளத்தில், நியூசிலாந்துக்காரர் டாம் பார்ன்ஸும் அவர் குழுவும் தூணைத் தொட்டுப் பார்த்தால் அது 'யு' வடிவம். கொண்டுவந்த கட்டு எதுவும் உட்காராது. இருட்டில், தலைக்கு மேல் குண்டுகள் பறக்க, எல்லாவற்றையும் பிரித்து மறுபடி பிசைந்து கட்டினார்கள். வடக்கு முனையில் தாக்குதல் தடுமாறியதால் கையிருப்பில் வைத்திருந்த ஆட்களையும் அனுப்ப வேண்டியதாயிற்று. இடையில், இத்தாலியர்களுக்கு உதவிப் படை ஏற்றிய ரயில் ஒன்று வந்தது. தண்டவாளத்தில் வெடி வைத்து அதை நிறுத்தினார்கள். ஒன்றரை மணிக்கு முதல் வெடி. இரண்டேகாலைத் தாண்டி இரண்டாவது. பாலத்தின் இரண்டு கண்கள் ஆற்றில் விழுந்தன. தாக்கியவர்கள் பக்கம் ஒருவர்கூடச் சாகவில்லை. பழிவாங்க ஆக்கிரமிப்பாளர்கள் அக்கம்பக்கத்துக் கிரேக்கர்களைப் பிடித்துச் சுட்டார்கள். அந்தக் கணக்கையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும்.

இன்னொன்று: எல் அலமைன் போரில் ரோமல் தோற்று ஓட ஆரம்பித்தது அதே நவம்பர் முதல் வாரம். ஆக, பாலம் விழுந்தபோது அதை உடைப்பதற்கான அவசரக் காரணம் ஏற்கெனவே பாதி தீர்ந்துவிட்டது. ஆனால் மலையில் இருந்தவர்களுக்கு அது முக்கியமாகப் படவில்லை. பெரிய காரியம் ஒன்றை நாமே செய்தோம் என்பதுதான் ஊர் ஊராகப் பரவியது. எலாஸும் எடெஸும் சேர்ந்து செய்த பெரிய காரியம் அநேகமாக அது ஒன்றுதான். அதற்கப்புறம் பி.பி.சி. வானொலி செர்வாஸை மட்டும் புகழ்ந்து, அரிஸின் பேரை விட்டுவிட்டது. எலாஸ்காரர்கள் அதை மறக்கவே இல்லை.

இந்த 12 பேர் குழுவில் நம் பக்கத்து ஆள் ஒருவரும் இருந்தார். இந்தர்ஜித் சிங் கில், அப்பா சீக்கியர், அம்மா ஸ்காட்லாந்துக்காரர். அன்று 20 வயது. இவர் கிரேக்கத்தில் ரயில் பாதையை உடைத்ததற்கு ராணுவப் பதக்கம் கிடைத்தது. அதே 1942இல், வெள்ளையனே வெளியேறு போராட்டத்தில், இந்தியாவில் தண்டவாளம் பெயர்த்தவர்களுக்கு அதே அரசு என்ன கொடுத்தது என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. கில் பிறகு இந்திய ராணுவத்தில் சேர்ந்து, 1971 வங்கதேசப் போரின்போது டெல்லித் தலைமையகத்தில் ராணுவ நடவடிக்கைகளுக்கான இயக்குநராக இருந்தார். முக்தி வாஹினி கெரில்லாக்களுக்கு இந்தியா துணை நின்ற போர் அது. கோர்கோபொட்டமோஸில் கற்றது அவருக்கு ஞாபகம் வராமல் இருந்திருக்காது என்பது என் யூகம். லெப்டினன்ட் ஜெனரலாக ஓய்வு பெற்றுச் சென்னையில் வாழ்ந்தார். அவரும் வுட்ஹவுஸும் ஒரே வருடம், 2001இல், காலமானார்கள்.

சரி, கிரேக்கத்துக்கு வருவோம். வேலை முடிந்ததும் மையர்ஸையும் மற்றவர்களையும் நீர்மூழ்கிக் கப்பலில் ஏற்றிக்கொண்டு போவதாக ஏற்பாடு. மேற்குக் கடற்கரைவரை நடந்துபோனார்கள், கப்பல் வரவில்லை. இருந்து மேற்கொண்டு வேலை பாருங்கள் என்று கெய்ரோ தலைமையகத்திலிருந்து உத்தரவு வந்தது. இருந்தார்கள். 1943 கோடையில் சிசிலியில் நேசநாட்டுப் படை இறங்குவதற்கு முன், அது கிரேக்கத்தில்தான் இறங்கப்போகிறது என்று ஹிட்லரை நம்பவைக்க நாடு முழுக்க நாசவேலை நடந்தது. ஆகஸ்டில் மையர்ஸ் கெரில்லாப் பிரதிநிதிகளோடு கெய்ரோவுக்குப் போனார். மக்கள் வாக்கெடுப்பு நடக்கும்வரை, வெளிநாட்டில் இருந்த கிரேக்க அரசர் நாடு திரும்பக் கூடாது என்று அவர்கள் கேட்டார்கள். அரசருக்கும் சர்ச்சிலுக்கும் அது கசந்தது. மையர்ஸைத் திரும்ப அனுப்பவே இல்லை. 26 வயதில் வுட்ஹவுஸ் கர்னலாகி, நேசநாட்டு ராணுவக் குழுவுக்குத் தலைவரானார்.

இங்கேதான் அவர் அரசியல்வாதியானார் என்று நினைக்கிறேன், 1959 தேர்தலில் அல்ல. யாருக்கு எத்தனை துப்பாக்கி, யாருக்கு எத்தனை சவரன், எந்தப் பள்ளத்தாக்கில் யாருக்கு விமானத்திலிருந்து சாமான் போடுவது என்று தீர்மானிப்பது இவர் கையில். கிரேக்கத்தில் காகிதப் பணத்துக்கு மதிப்பே போய்விட்டதால் பிரிட்டிஷ்காரர்கள் தங்கச் சவரனில்தான் கொடுத்தார்கள். எலாஸ் வளர்ந்து நாட்டின் பெரும்பகுதியைப் பிடித்துக்கொண்டது. எடெஸ் அழியாமல் இருக்க இவர் முட்டுக்கொடுத்தார். 1943 அக்டோபரில் இரண்டும் நேருக்கு நேர் மோதிக்கொண்டன. 1944 பிப்ரவரி 29 அன்று, ஆரக்தோஸ் ஆற்றின்மேல் இருக்கும் பிளாக்கா கல்பாலத்தில் உட்கார்ந்து இவரும் அமெரிக்க மேஜர் ஒருவரும் சண்டை நிறுத்தம் பேசி முடித்தார்கள். சில வாரங்களிலேயே, ஒப்பந்தத்தில் மூன்றாவதாகக் கையெழுத்திட்ட சிறிய இயக்கத்தின் தலைவர் சாரோஸை எலாஸ்காரர்கள் கொன்றுவிட்டார்கள். எலாஸோடு உறவை அறுத்துவிடலாம் என்று சர்ச்சில் கொதித்தபோது, மலையில் இருக்கும் நம் அதிகாரிகள் உயிர் என்னாகும் என்று நேரில் போய் வாதாடி நிறுத்தியதும் வுட்ஹவுஸ்தான்.

பிறகு நடந்தது எல்லாருக்கும் தெரியும். 1944 டிசம்பரில் ஏதென்ஸ் தெருக்களில் பிரிட்டிஷ் படையும் எலாஸும் சுட்டுக்கொண்டன. அரிஸின் தலை 1945 ஜூனில் திரிக்கலா நகரத்துச் சதுக்கத்தில் விளக்குக் கம்பத்தில் தொங்கியது. செர்வாஸ் 1947இல் மந்திரியானார். 1949வரை உள்நாட்டுப் போர். பிரிட்டன்தான் இதற்குக் காரணம் என்று கிரேக்க இடதுசாரிகள் சொல்வார்கள். ஸ்டாலின்தான் என்று வலதுசாரிகள். இரண்டையும் முழுசாக நம்ப எனக்கு மனம் வரவில்லை. ஆனால் கணக்குப்பிள்ளை வேலை பார்த்தவருக்கு அதில் பங்கே இல்லை என்றும் சொல்ல முடியாது.

1945இல் அவருக்குத் திருமணம். மாமனார் இரண்டாம் லிட்டன் பிரபு. 1924இல் சுபாஷ் சந்திர போஸை அவசரச் சட்டத்தில், விசாரணை இல்லாமல் சிறையில் போட்டபோது வங்காள கவர்னராக இருந்தவர் அவர்தான். மருமகன் கிரேக்கர்களின் விடுதலைக்குத் துணை நின்றவர். அந்த வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் இதில் எந்த முரணும் யாருக்கும் உறுத்தியிருக்காது.

1951இல் மொசாடெக் ஈரான் எண்ணெயைத் தேசியமயமாக்கினார். அதுவரை அது ஆங்கிலோ-இரானியன் கம்பெனியின் சொத்து. அந்தக் கம்பெனியில் பாதிக்குமேல் பிரிட்டிஷ் அரசின் பங்கு. அந்த ஆகஸ்டில் வுட்ஹவுஸ் எம்.ஐ.6 பொறுப்பாளராக டெஹ்ரான் போய்ச் சேர்ந்தார். அங்கே அவருக்குமுன் வேலையில் இறங்கியிருந்தவர் ராபின் சேனர் என்ற அறிஞர். ரஷீதியன் சகோதரர்கள் என்ற மூன்று வியாபாரிகள் வழியாக எம்.பி.க்கள், பத்திரிகைகள், கடைவீதி என்று பணம் போய்க்கொண்டிருந்தது. சேனர் பிற்காலத்தில் ஆக்ஸ்ஃபோர்டில் கிழக்கத்திய மதங்களுக்கான பேராசிரியராகி, இந்து சமயம் பற்றி நூல் எழுதி, பகவத் கீதையையும் மொழிபெயர்த்தார். கர்மயோகத்தை விளக்கிய கை முன்பு எதையெல்லாம் பட்டுவாடா செய்தது என்பது எனக்கு அடிக்கடி நினைவுக்கு வரும்.

வுட்ஹவுஸ் செய்தது என்ன? ஈராக்கின் ஹப்பானியா விமானப்படைத் தளத்திலிருந்து ஆயுதங்களை விமானத்தில் டெஹ்ரானுக்குக் கொண்டுவந்து, வடக்கே எடுத்துப்போய்ப் புதைத்துவைத்தார், மலைவாழ் இனத்தலைவர்களுக்காக. படிக்கிறபோது பிந்தோஸ் மலைதான் கண்ணில் வருகிறது. 1952 அக்டோபரில் மொசாடெக் பிரிட்டனோடு உறவை முறித்துக்கொண்டு தூதரகத்தை மூடச் சொன்னதும், கூடாரம் காலியாயிற்று. நவம்பரில் வுட்ஹவுஸ் வாஷிங்டன் போனார். அங்கே எண்ணெயைப் பற்றி அதிகம் பேசவில்லை. கம்யூனிஸ்டுகள் ஈரானைப் பிடித்துவிடுவார்கள் என்பதையே அழுத்திப் பேசினார். பிரிட்டனின் எண்ணெய்க்காக அமெரிக்காவைப் பயன்படுத்துகிறார்கள் என்ற பேச்சு வரக் கூடாதே என்றுதான் அப்படிச் செய்தேன் என்று 1982இல் தன் வாழ்க்கை வரலாற்றில் அவரே எழுதிவைத்திருக்கிறார். ஒரு காலத்தில் எலாஸைப் பார்த்துப் பயந்த பயம் உண்மையானது. டெஹ்ரானில் அதையே எடுத்து விற்பனைக்கு வைத்தார்.

கவிழ்ப்புக்குப் பிரிட்டிஷ்காரர்கள் வைத்த பெயர் பூட், அமெரிக்கர்கள் வைத்தது அஜாக்ஸ். 1953 ஆகஸ்ட் 15 இரவு முதல் முயற்சி படுத்துக்கொண்டது, ஈரான் அரசர் ஷா பாக்தாத் வழியாக ரோமுக்கு ஓடினார். 19ஆம் தேதி கூட்டமும் டாங்கிகளும் மொசாடெக் வீட்டைச் சூழ்ந்தன. அந்தக் கூட்டத்தில் காசுக்கு வந்தவர்களும் இருந்தார்கள், மொசாடெக்கோடு முறைத்துக்கொண்ட மதத்தலைவர்களின் ஆட்களும் கடைவீதிக்காரர்களும் இருந்தார்கள். எல்லாமே விலைக்கு வாங்கியது என்பது மிகைதான். ஆனால் கிரேக்கத்தில் விமானம் வருவதற்கு முன்பே மலையில் ஆட்கள் துப்பாக்கியோடு நின்றார்கள். வெளிநாட்டுப் பணம் பிறகு வந்தது. டெஹ்ரானில் பணம் முதலில் வந்தது. எனக்கு இந்த வித்தியாசம் போதும்.

புதிய பிரதமராக உட்கார்ந்தவர் ஜெனரல் சாஹிதி. போர்க்காலத்தில் நாஜிகளோடு தொடர்பு என்று 1942 இறுதியில் இவரை இஸ்ஃபஹானில் அவர் வீட்டிலேயே துப்பாக்கி முனையில் கடத்தியது பிரிட்டிஷ் ராணுவம். கடத்திய இளம் அதிகாரி ஃபிட்ஸ்ராய் மக்லீன். அறையைச் சோதித்தபோது ஜெர்மன் துப்பாக்கிகளோடு பட்டு உள்ளாடைகளும் அபினும் கிடைத்ததாக எழுதியிருக்கிறார். மக்லீன் அப்போதே கன்சர்வேட்டிவ் எம்.பி.; அடுத்த வருடம் யுகோஸ்லாவியாவில் குதித்து டிட்டோவின் கெரில்லாக்களோடு இருந்தார். அல்பேனிய மலைகளில் இருந்துவிட்டு வந்த பில்லி மக்லீன், ஜூலியன் அமெரி இருவரும் பிற்பாடு அதே கட்சி எம்.பி.க்கள். பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் ஒரு வரிசை பெஞ்சே இப்படிப்பட்டவர்களுக்கு ஒதுக்கியிருந்தாற்போல இருக்கிறது.

மொசாடெக்குக்கு மூன்று வருடம் சிறை, பிறகு சாகும்வரை அஹ்மதாபாத் கிராமத்தில் வீட்டுக்காவல். ஈரான் எண்ணெயை எடுக்க 1954இல் அமைந்த கூட்டமைப்பில் பழைய பிரிட்டிஷ் கம்பெனிக்கு 40 சதவீதம், அமெரிக்கக் கம்பெனிகளுக்கு 40. எண்ணெயைப் பற்றிப் பேசாமலே போனவர்கள் எண்ணெயோடு வந்தார்கள்.

வுட்ஹவுஸ் 1955இலிருந்து, லண்டனில் வெளிநாட்டு விவகாரங்களை ஆராயும் சாத்தம் ஹவுஸ் நிறுவனத்தின் இயக்குநர். 1959இல் ஆக்ஸ்ஃபோர்டு எம்.பி. விமானத் துறையிலும் உள்துறையிலும் இளநிலை மந்திரி. இந்தப் பகுதியில் சொல்ல அதிகம் இல்லை. பெரிய பதவி எதுவும் வரவில்லை. 1966இல் லேபர் கட்சியின் எவான் லுவார்டிடம் தோற்றார். பிரிட்டன் எகிப்தில் நடத்திய 1956 சூயஸ் படையெடுப்பை எதிர்த்து வெளியுறவுத்துறை வேலையை உதறியவர் லுவார்ட். மத்தியக் கிழக்கில் பிரிட்டன் எப்படி நடந்துகொள்ளலாம் என்பதில் இரண்டு எதிரெதிர்ப் பேர்வழிகள் மோதினார்கள், ஆனால் வாக்காளர்களுக்கு அதில் பாதிதான் தெரியும். போர் வீரர், கிரேக்க அறிஞர் என்றுதான் வுட்ஹவுஸை அறிந்திருந்தார்கள். 1970இல் தொகுதி திரும்பக் கிடைத்தது, 1974 அக்டோபரில் மறுபடி லுவார்டிடம் போய்விட்டது.

பிறகு முழுநேர எழுத்து. நவீன கிரேக்க வரலாற்றில் அவர் நூல்களைத் தாண்டிப் போக முடியாது. தன் எதிரிகளான எலாஸ்காரர்களைக்கூட ஓரளவு நியாயமாக எடைபோடுகிறார். அதனால்தான் ஈரானைப் பற்றி அவர் எழுதியதைப் படிக்கும்போது எரிச்சல் வருகிறது. பூட் நடவடிக்கையை 1979 புரட்சியின் முதல் படியாகப் பார்க்க இடமிருக்கிறது என்று ஒத்துக்கொள்கிறார். அடுத்த மூச்சிலேயே, ஷா இப்படிக் கொடுங்கோலராவார் என்று எதிர்பார்க்கவில்லை, அவரை நல்வழியில் வைக்க அமெரிக்காவும் நம் வெளியுறவுத்துறையும் தவறிவிட்டன என்று பழியைத் தள்ளிவிடுகிறார். கிரேக்கத்தில் கிராமம் கிராமமாகப் பேர் சொல்லி எழுதுகிற ஆள், டெஹ்ரானில் பணம் பட்டுவாடா செய்த ரஷீதியன்களை வெறுமனே 'சகோதரர்கள்' என்று குறிப்பிட்டுவிட்டு நகர்கிறார். மொசாடெக்குக்கு ஓட்டுப் போட்டவர்கள், அவருக்காகத் தெருவில் நின்றவர்கள் யாருக்கும் அந்தப் பக்கங்களில் முகமே இல்லை. செர்வாஸின் கழுதைக்காரர்களுக்குக்கூட இருக்கிறது.